தட்டுப்போருக்குப் பின்னால் துப்பறிவாளர்

சோளத்தட்டுப் போர் தீப்பற்றி எரிந்ததற்குக் காரணம் நஞ்சப்பனின் பீடி. அவர் அதன் பின்னால் பதுங்கியிருந்ததற்குக் காரணம், அவர் துப்பறிவாளர்.

இரண்டாவது காரணத்தை அவரைத் தவிரக் கொழிஞ்சாம்பாறையில் யாரும் ஒப்புக்கொண்டதில்லை. சைக்கிள் மட்காடில் ‘துப்பறிவாளர்’ என்று சிவப்பில் எழுதி வைத்திருந்தார்.

“அப்படின்னா என்னங்க?” என்று சந்தையில் கேட்டாள் வெற்றிலைக்காரி பூவாத்தாள்.

“மறைஞ்சு கெடக்கற உண்மைய வெளிய கொண்டாறவன்.”

“போலீசுல இருந்தாச் சம்பளம் குடுப்பாங்க. நம்மூர்ல அதுக்கு எட்டிப் பாக்கறவன்னு பேருங்க.”

அன்றிலிருந்து அடுத்த வீட்டுச் சட்டியில் என்ன வேகிறது என்று கேட்பவர்களையெல்லாம் ஊர் துப்பறிவாளர் என்றது.

இந்த முறை விளையாட்டில்லை. அக்கா மகள் கமலாத்தாளுக்கு தட்டுப்போர் இருந்த வீட்டுச் சென்னியப்பனைப் பேசியிருந்தார்கள். மறுநாள் உப்புச்சக்கரை மாற்றி நிச்சயம் செய்துவிட்டால் அப்புறம் பின்வாங்க முடியாது. பையனை விசாரிப்பது தாய்மாமன் வேலை. நஞ்சப்பன் எருமை வாங்க வந்தவராக வேஷம் கட்டிப் பையனின் ஊர் டீக்கடையில் உட்கார்ந்தார்.

“எருமை வாங்க வந்தவருக்கு மாப்பிள்ளையப் பத்தி எதுக்குங்க? நல்ல பையன், நல்ல பையன்,” என்று டீக்கடைக்காரர் கண்ணாடி கிளாஸைத் துடைத்தார். சலூன்காரரும் கத்தியைப் பார்த்தபடி அதையே சொன்னார். சம்பந்தத்தைக் கலைத்த பழி தன் தலையில் விழக்கூடாது என்பதில் ஊருக்கு அப்படியொரு ஒற்றுமை. ஒருவரும் முகம் பார்த்துச் சொல்லவில்லை. அதனால்தான் நஞ்சப்பன் போருக்குப் பின்னால் போனார். பீடியும் கூடவே போனது.

குடத்தோடு ஓடிவந்து தீயை அணைத்தவன் சென்னியப்பனே. கரி அப்பிய முகத்தோடு நின்ற நஞ்சப்பனை மேலும் கீழும் பார்த்தான்.

“ஏனுங்க, ஒளிஞ்சிருந்து என்னத்தக் கண்டுபுடிச்சீங்க?”

“சோளத்தட்டு நல்லாப் பத்தும்னு.”

“நல்லாப் பத்துமுங்க. வேற?”

“ஊரெல்லாம் கேட்டாச்சு தம்பி. ஒருத்தனும் வாயத் தொறக்கல.”

“என்னையக் கேட்டீங்களா?”

கேட்கவில்லை. அத்தனை பெரிய பட்டத்துக்கு அத்தனை சின்ன வழி தோன்றவே இல்லை. நஞ்சப்பன் துண்டால் முகத்தைத் துடைத்தார். கரி இன்னும் பரவியது. குரல் இறங்கிவிட்டது.

“அவ அப்பனில்லாத புள்ள, தம்பி. இப்பக் கேக்கறேன். அவள மனசாரக் கட்டிக்குவியா?”

சென்னியப்பன் குடத்தைக் கீழே வைத்தான்.

“மாட்டேனுங்க. மூணாறு எஸ்டேட்டுல மாரித்தாய்ங்கற பொண்ணக் கட்டியாச்சுங்க. ஊருக்கே தெரியும், ஊட்டுலதான் ஒத்துக்கல. உப்புச்சக்கரைய நிறுத்திப்போடுங்க.”