ஜனவரிப் பிள்ளை

ஈர விரிப்புகளைக் கொல்லைக் கொடியில் உதறிப் போட்டுவிட்டு மேவிஸ் உள்ளே வந்தாள். சமையலறையில் அவள் தம்பி லயனல் கோட்டைக்கூடக் கழற்றாமல் டீ ஊற்றிக்கொண்டிருந்தான். லண்டனிலிருந்து காலை ரயிலில் வந்திருக்கிறான். தந்தி போன வாரமே போய்விட்டது.

“மேல போய் அம்மாவைப் பாத்தியா?”

“பாத்தேன். தூங்கறாங்க, எழுப்ப மனசு வரல. ரொம்ப முடியலையா?”

“இன்னிக்கோ நாளைக்கோன்னு டாக்டர் சொல்றார்.”

லயனல் தலையை ஆட்டிவிட்டு பிஸ்கட் இருக்கிறதா என்று கேட்டான்.

அந்தப் பக்கத்தில் பாதி ஊர் பூ வயல்தான். ஒரு குழந்தை பிறந்தால், பிறந்த மாதத்தின் பூவும் அந்தப் பூவுக்குச் சொல்லும் அர்த்தமும் இரண்டாவது பெயர் போல ஒட்டிக்கொள்ளும். லயனல் ஜனவரி. பனித்துளிப் பூ, நம்பிக்கை. மேவிஸ் அக்டோபர். செண்டுப்பூ, துக்கம். வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மா இருவரையும் காட்டி, “இவன் என் நம்பிக்கை, இவ என் துக்கம்” என்பாள். வந்தவர்கள் சிரிப்பார்கள். மேவிஸும் சிரிப்பாள். தம்பியின் பிறந்தநாள் கேக்கில் சர்க்கரையில் செய்த வெள்ளைப் பூக்கள் வரிசையாக இருக்கும். அவளுடையது மொட்டையாக வரும். துக்கத்தை யாராவது கேக்கில் வைப்பார்களா? அவளை நிச்சயம் செய்தவன் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டு போனபோதுகூட அம்மா, “பொறந்த மாசம் அப்படி” என்றுதான் சொன்னாள்.

அந்த அம்மாவுக்குத்தான் மேவிஸ் வருஷக்கணக்காகச் சோறூட்டி, முதுகு துடைத்து, மலம் அள்ளினாள். அன்பினால் என்று ஊர் சொன்னது. அன்பும் இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் கண் மூடுவதற்குள் அம்மா வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்ற வீம்புதான் அதைவிடப் பெரிதாக இருந்தது. நேற்று அது கிட்டத்தட்ட வந்தேவிட்டது. கஞ்சி குடித்து முடித்த அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, “நீ மட்டும் இல்லேன்னா...” என்று ஆரம்பித்தாள். அதோடு தூக்கம் அமுக்கிவிட்டது. மீதி வாக்கியத்துக்காக மேவிஸ் நேற்றிலிருந்து காத்திருக்கிறாள்.

மாடியிலிருந்து அலறல் கேட்டது. மேவிஸ் ஓடினாள்.

கட்டிலருகே, மருந்துக் குப்பிகளுக்கு நடுவில், ஒரு கண்ணாடி டம்ளரில் பனித்துளிப் பூக்கள். தேவாலயத்துக் கல்லறைகளுக்கு இடையில் தானாக முளைக்கிற பூ அது. வெளியே எத்தனை பூத்தாலும் அழகு; வீட்டுக்குள் கொண்டுவந்தால் அந்த வீட்டிலிருந்து ஒரு சவப்பெட்டி போகும் என்று அங்கே சின்னக் குழந்தைக்கும் தெரியும். அதுவும் நோயாளி அறையில் யாரும் வைக்கமாட்டார்கள். லண்டனில் இன்ஷூரன்ஸ் விற்பவனுக்கு அதெல்லாம் மறந்திருக்கும்.

“நீதானேடி கொண்டாந்து வச்சே?” அம்மாவின் முகம் பயத்தில் வெளிறியிருந்தது. “நான் எப்பப் போவேன்னு பாத்துக்கிட்டிருக்கியா?”

“நான் வைக்கலம்மா. லயனல் வச்சிருக்கான். தெரியாம...”

“அவன் மேல பழி போடாதே. அவன் இன்னும் வரவே இல்ல.”

படியில் சத்தம் கேட்டது. லயனல் அறை வாசலில் வந்து நின்றான். அம்மாவின் முகம் மாறியது. “வந்துட்டியா என் ராசா? பாரு இவ செஞ்ச காரியத்த. சாவுப் பூவத் தலைமாட்டுல வச்சிட்டு, நீ வச்சேங்கறா.”

மேவிஸ் திரும்பித் தம்பியைப் பார்த்தாள். ஒரு வார்த்தை போதும். நான்தான் அம்மா, தெரியாமல் வைத்துவிட்டேன் என்று அவன் சொன்னால் அம்மா அவனை மன்னித்துவிடுவாள். அவனை எதற்குத்தான் மன்னிக்கவில்லை?

லயனல் டம்ளரைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான்.

“மேவிஸ், முதல்ல அதை எடுத்துட்டுப் போ. அம்மா எப்படிப் பயப்படறாங்க பாரு” என்றான்.

அவள் எடுத்துக்கொண்டு போனாள். கொல்லையில் கொட்டிவிட்டுத் திரும்பி வந்தபோது அம்மாவின் கை அவன் கைக்குள் இருந்தது. மேவிஸ் கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். அம்மா அவள் பக்கம் திரும்பவேயில்லை. விளக்கு ஏற்றுவதற்கு முன்பே மூச்சு நின்றுவிட்டது.

பெட்டியின் மேல் பிள்ளைகள் தங்கள் மாதப் பூவை வைப்பது அந்தக் குடும்பத்து வழக்கம். பிப்ரவரியில் செண்டுப்பூவுக்கு எங்கே போவது? “மஞ்சள் சாமந்தி தரேன், யாருக்குத் தெரியப்போகுது” என்றாள் பூக்கடைக்காரி. வேண்டாம் என்று மேவிஸ் வந்துவிட்டாள். லயனல் கல்லறைத் தோட்டத்தில் கை நிறையப் பனித்துளிப் பூக்களைப் பறித்து வைத்தான். வெளியே வைத்தால் தோஷமில்லை. பாதிரியார் நம்பிக்கையைப் பற்றி உருக்கமாகப் பேசினார்.

பிறகு எல்லோரும் வீட்டுக்கு டீக்கு வந்தார்கள். பக்கத்து வீட்டு மிசஸ் பெக் காலித் தட்டோடு சமையலறைக்குள் வந்து குரலைத் தாழ்த்தினாள்.

“அன்னிக்கு உங்கம்மா போட்ட சத்தம் சுவர் வழியா எல்லாம் கேட்டுச்சு. இப்ப ஊரெல்லாம் நீதான் வச்சேன்னு பேசுது. ஆனா அவன் பூவோட வந்ததை நான் ஜன்னல்லேர்ந்து பாத்தேன் மேவிஸ்.”

ரொட்டி நறுக்கிக்கொண்டிருந்த மேவிஸின் கையில் கத்தி நின்றது. “அதை அங்க எல்லார் முன்னாடியும் வந்து சொல்றீங்களா?”

“இன்னிக்கா? நல்லா இருக்காதும்மா. அவன் வேற அழுதுக்கிட்டிருக்கான், பாவம்.” மிசஸ் பெக் தட்டை நீட்டினாள். “இந்த சாண்ட்விச் இன்னும் இருக்கா?”

அவள் போன பிறகு லயனல் வந்தான். கண்கள் சிவந்திருந்தன. அக்காவின் எதிரே நின்று வாயைத் திறந்தான். மேவிஸ் ரொட்டி நறுக்குவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

“பன்றிக்கறிக்குக் கடுகு விழுது கேக்கறாங்க” என்றான். “எங்க இருக்கு?”

மேவிஸ் மறுபடி குனிந்துகொண்டாள். லயனல் ஓர் அலமாரியைத் திறந்து மூடினான். அடுத்ததைத் திறந்தான். அடுப்புக்கு மேலே எட்டிப் பார்த்தான், கீழே குனிந்து தேடினான், பிறந்த வீட்டின் ஒவ்வொரு கதவையும் திறந்து மூடிக்கொண்டே போனான். கடுகு விழுது எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அவள் ரொட்டியை நறுக்கிக்கொண்டிருந்தாள்.