உடனடியாக

சிறை வாசலின் சின்னக் கதவுக்குள் அவள் காகிதத்தை நீட்டிக்கொண்டே இருந்தாள். காவலர் கையை நீட்டவில்லை.

"ஜாமீன் உத்தரவுப் பெட்டிய நாலு மணிக்கே தொறந்து எடுத்தாச்சும்மா. போட்டுட்டுப் போங்க, இனிமே நாளைக்குக் காலைலதான்."

"பத்து நிமிஷம்தானேண்ணா ஆச்சு? எங்கம்மா சாகக் கெடக்கறாங்க. தம்பிக்கு ஜாமீன் குடுத்ததே அதுக்குத்தான். பாருங்க, 'ஃபோர்த்வித்'னு போட்டிருக்கு. உடனடியா விடணும்னு அர்த்தம்."

காவலர் கெட்டவர் இல்லை. எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "எல்லா உத்தரவுலயும் அது இருக்கும்மா. டைப் அடிக்கிறவங்களுக்குக் கைப்பழக்கம்."

அந்தக் கை அவளுடையதுதான். நீதிமன்றத்தில் பத்தொன்பது வருஷமாக டைப் அடிக்கிறாள். பகல் பதினொன்றரைக்கு இந்த உத்தரவையும் அவளேதான் அடித்தாள். ஆனால் ஒரு கட்டுச் சேர்ந்தால்தான் சீல் வைத்துக் கையெழுத்துப் போடுகிறவர் பேனா மூடியையே கழற்றுவார். உத்தரவு கைக்கு வர மூன்றரை ஆகிவிட்டது. குறை சொல்ல அவளுக்கு ஏது வாய்? எத்தனையோ ஃபோர்த்வித்களை ட்ரேயில் போட்டுவிட்டு நிதானமாகச் சாப்பிடப் போனவள்தானே. ஒருமுறை ஒரு பெண் ஜன்னலோரம் நின்று, "உடனேன்னா எப்பம்மா?" என்று கேட்டாள். "வரும், போங்க" என்றாள் இவள், தலை நிமிராமல். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டார் என்பார்களே, அந்தப் பூசாரிகளில் அவளும் ஒருத்தி.

காகிதத்தைப் பெட்டியில் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினாள். பக்கத்து வீட்டு அக்கா அம்மாவின் உதட்டை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி கெளம்பிட்டானா?" அம்மாவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"கெளம்பிட்டாம்மா."

"எப்ப வருவான்?"

"உடனே."

"கதவச் சாத்தாத."

அம்மா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறரைக்குப் பார்த்தபடியே போய்விட்டாள். மகள் அந்தக் கண்களை மூடினாள். கதவை மட்டும் யாரையும் சாத்தவிடவில்லை.

மறுநாள் பதினொரு மணிக்குத் தம்பி வந்தான். சிறைக்குள் போனபோது போட்டிருந்த அதே சட்டை, இப்போது தொளதொளவென்று தொங்கியது. கூடத்தில் அம்மாவைக் கிடத்தியிருந்தார்கள். சுற்றியிருந்தவர்கள் அவனுக்கு வழி விட்டு ஒதுங்கினார்கள்.

அவன் படி ஏறவில்லை. திறந்து கிடந்த கதவுக்கு வெளியே ஓரமாக நின்று, கைகளைக் கட்டிக்கொண்டு, யாராவது உள்ளே போகச் சொல்வதற்காகக் காத்திருந்தான்.