கவரில் ஒட்டிய நான்கு வருடம்

கோலப்பன் பஸ் கண்டக்டர் கொடுத்த டிக்கெட்டையே வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிற ஆள். மலையாளம் பேசும் கரமனையில் பிளாஸ்டிக் பரிசோதிக்கும் ஒரு தனியார் லேபில், வேலை கேட்டு வருபவர்களின் சான்றிதழ்களைச் சரிபார்ப்பது அவர் பொறுப்பு. போலியை மணத்திலேயே கண்டுபிடித்துவிடுவேன் என்பார்.

அன்று அவருடைய ஊர்ப்பக்கத்து மார்த்தாண்டத்துக்காரி இசக்கிசெல்விக்கு நேர்முகம். ஜூனில் அவள் தந்த அனுபவச் சான்றிதழைக் கோலப்பன் பிளாஸ்டிக் கவரிலிருந்து உருவினார். எத்தனை வருட அனுபவம் என்ற இடம் மட்டும் வெள்ளையாக இருந்தது. மூன்று வருடமாவது இல்லாதவர்களை உள்ளே விடுவதில்லை.

“சுரண்டித்தான் தந்திருக்கே, இல்லியா?”

“இல்ல சாரே. நாலு வருசம்னு தடிச்ச எழுத்துல தெளிவா இருந்துது.”

“இருந்தது எங்க போச்சு?”

“அந்தக் கவரத் தாங்க.” அவள் அதைத் தடவிப் பார்த்தாள். “பிரிண்டர் மையும் பிளாஸ்டிக் பொடிதான். அறுபது டிகிரி வரைக்கும் கண்ணாடி மாதிரி வெறச்சு நிக்கும். கவர் வளையதுக்குன்னு இதுல ஒரு எண்ணெய் சேப்பாங்க. அது மையில எறங்கி, மழ ஈரமும் சேந்தா, சாதா சூட்டிலயே எளகிரும். பொறவு மை கனத்த எடம் கவர்லதான் ஒட்டும்.”

பதிலை மனப்பாடம் செய்துகொண்டே வந்திருக்கிறாள் என்று நினைத்தார் கோலப்பன். ஆனாலும் கவரை வெளிச்சத்தில் பிடித்தார். உட்புறத்தில் இடவலம் மாறி, கறுப்பாக, ‘நான்கு’ இருந்தது. மழையில் நனையக் கூடாதென்று கவர் வாங்கியதும், சான்றிதழை அதில் செருகி அலமாரியில் அடுக்கியதும் அவரேதான்.

எழுந்து மேலாளர் மாளவிகாவின் அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னார். அவள் கவரைத் தொடவே இல்லை.

“கோலப்பன் சாரே, அந்தப் பொண்ணு உங்க நாட்டுக்காரியா?”

கோலப்பனுக்குக் காது சுட்டது. இத்தனை வருடமாக, யாருக்காவது பரிந்து பேசுபவர்களிடம் இந்தக் கேள்வியை அவர்தான் கேட்டுவந்தார்.

“ஆமா மேடம். ஆனா கெடுத்தது நான். அவ மேல ஒரு குத்தமும் இல்ல.”

மாளவிகா கவரை வாங்கி ஜன்னலோரம் பிடித்துப் படித்தாள். “வரச் சொல்லுங்க.”

வெளியே வந்த கோலப்பனுக்கு இசக்கிசெல்வியின் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. “உள்ள போ மக்ளே,” என்றார்.

“என்னெ நம்பினீங்களே, அது போதும் சாரே,” என்று இசக்கிசெல்வி எழுந்து போனாள்.

உன்னை நம்பவில்லை, கவரைத்தான் நம்பினேன் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.