வாய் படாத கிண்ணம்

சனசமூக நிலையத்து வாசலில் கட்டியிருந்த பதாகையைக் கண்டதுமே சிவகௌரிக்குக் கோபம் கொதித்தது. 'இந்த மண்ணின் ஆதிக்குடிகள் நாங்கள், தாரூவா நாட்டை வரவேற்கிறோம்!' ஆகா, நாங்களாம்! எழுத்துக்குக் கீழே பெரிய பறை ஒன்றின் படம் வேறு. போன வருசம் வரைக்கும் பறை என்ற சொல் காதில் விழுந்தாலே முகத்தைச் சுளித்த ஊர். அவளுடைய அப்பா சீவரத்தினம் செத்த வீடுகளில் பறை அடித்த காலத்தில், படலைக்கு வெளியே நிறுத்திக் காசை நிலத்தில் வைத்த ஊர். அவமானம் தாங்காமல் மனிசன் பறையைப் பரணில் தூக்கிப் போட்டுவிட்டு மேசன் வேலைக்குப் போனார். இப்போது அந்தப் பறை இவர்களுடைய பெருமையாகிவிட்டது. படிக்கிறது தேவாரம், இடிக்கிறது சிவன் கோயில்.

தாரூவா கடலுக்கு அப்பால் எங்கோ கிடக்கிற சின்ன நாடு. அங்கே ஒரு காலத்தில் ஆதிக்குடிப் பிள்ளைகளை வெள்ளைக்காரர் தாய் தகப்பனிடமிருந்து பிடுங்கிக்கொண்டுபோய்த் தூரத்துப் பள்ளிக்கூடங்களில் அடைத்தார்கள். போன பிள்ளைகளில் பாதி திரும்பவில்லை. நாடு கைக்கு வந்த பிறகு அந்தச் சனங்கள் தங்கள் தங்கள் நிலத்திலே, தங்கள் தங்கள் பாசையிலே பல்கலைக்கழகங்களைக் கட்டி, எல்லாவற்றையும் ஒரே வலையமைப்பாகப் பிணைத்தார்கள். இந்த வருசம் வெளிநாட்டுச் சனங்களுக்கும் படிக்க ஓரிடம் திறந்துவிட்டிருந்தார்கள். படித்து முடிக்கிற பிள்ளையின் ஊரிலேயே தங்கள் கிளையொன்றையும் கட்டித் தருவார்களாம்.

அந்த இடத்துக்குத்தான் கௌரி தெரிவாகியிருந்தாள். அப்பாவின் பறையடிகளைப் பற்றி அவள் செய்த ஆய்வு அவர்களுக்குப் பிடித்துப்போயிற்று. கூடவே விண்ணப்பித்த சுவர்ணாவுக்குக் கிடைக்கவில்லை. சுவர்ணா நிலையத்துத் தலைவர் அருளம்பலத்தாரின் மகள். கம்பஸ் ஹொஸ்டலில் நாலு வருசம் கௌரியோடு ஒரே அறையில் கிடந்தவள்.

மிச்சமிருந்தது ஒரேயொரு காரியம். பிடுங்கிக்கொண்டு போன கதை இன்னும் ஆறாததால், தாரூவாக்காரர் எந்தப் பிள்ளையையும் அதன் சனங்கள் தங்கள் பிள்ளை என்று முன்னால் வந்து கொடுக்காமல் கூட்டிப்போவதில்லை. "சனத்துக்கு என்ன குறை? நாங்கள் இருக்கிறம் தானே பிள்ளை!" என்று அருளம்பலத்தார் முந்திக்கொண்டார். கிளைக்கென்று தன்னுடைய வாழைத் தோட்டத்தில் ஒரு துண்டைக் கொடுத்துக் கட்டடத்துக்குத் தன் தகப்பனின் பெயரை வைக்கிற யோசனை அவருக்கு. கௌரிக்கு அது விளங்காமலில்லை. எப்படியோ காரியம் நடந்தால் சரி என்று தலையாட்டிவிட்டாள். அங்கேதான் அவள் பிழை விட்டாள்.

காலையிலேயே ஒரு கூத்து நடந்து முடிந்திருந்தது. தாரூவாவிலிருந்து வந்த மெயாரா என்ற பெண் முதலில் கௌரி வீட்டுக்கு வந்தாள். அம்மா கொடுத்த தேத்தண்ணியை மடமடவென்று குடித்துவிட்டு இன்னொன்று கேட்டாள். கூட வந்த அருளம்பலத்தாரோ கையெடுத்துக் கும்பிட்டார்.

"எனக்குச் சீனி வருத்தம் தங்கச்சி, தேத்தண்ணி ஆகாது."

சொல்லிவிட்டு வான் வண்டியிலிருந்து சோடாப் பெட்டியை இறக்குவித்து, ஒரு ஒறேஞ் சோடாவை உடைத்து வயிறுமுட்டக் குடித்தார். சீனி வருத்தக்காரர் சோடா குடித்த அதிசயத்தை இந்த ஊரில்தான் பார்க்கலாம்! அந்த வீட்டில் பச்சைத் தண்ணீரும் வாயில் வைக்கக்கூடாது என்பதற்காகக் கொண்டுவந்த சோடா அது. அம்மா ஆறிப்போன தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனாள். கௌரி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

மண்டபம் நிறைந்திருந்தது. ஊர்ப் பெரியவர்கள் முன்வரிசையில். சீவரத்தினத்துக்குக் கடைசியில் கதவோரம் ஒரு பிளாஸ்ரிக் கதிரை. மேடையில் மெயாரா இங்கிலீசில் பேசப் பேச, சுவர்ணா தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள். மெயாரா பையிலிருந்து ஒரு மரக்கிண்ணத்தை எடுத்தாள். கௌரி தன் வீட்டுக் கிணற்றிலிருந்து செம்பில் கொண்டுவந்த தண்ணீரை அதில் வார்த்தாள்.

"போற பிள்ளை முதல் குடிப்பா," என்றாள் சுவர்ணா ஒலிவாங்கியில். "பிறகு, இவ எங்கடை பிள்ளை எண்டு சொல்லுற ஆக்கள் அதே கிண்ணத்திலை, அவ வாய் வைச்ச இடத்திலையே வாய் வைச்சுக் குடிக்கவேணும். அப்பத்தான் குடுத்ததாக் கணக்கு."

முன்வரிசையில் ஆளையாள் திரும்பிப் பார்த்தார்கள். கை தூக்கினால் போதும், கைதட்டினால் போதும் என்று வந்து குந்தியிருந்த கூட்டம் அது. கௌரி கிண்ணத்தில் வாய் வைத்துக் குடித்துவிட்டு அருளம்பலத்தாரிடம் நீட்டினாள்.

மனிசன் ஒரு கணம்தான் தடுமாறினார். பிறகு கிண்ணத்தை வாங்கி, முகத்தை மேலே நிமிர்த்தி, உதட்டில் படாமல் ஒரு சாண் உயரத்திலிருந்து அண்ணாந்து ஊற்றிக்கொண்டார். தொண்டைக்குள் இரண்டு துளி இறங்கியதோ என்னவோ, மிச்சம் சால்வையில்.

"சிவகௌரி எங்கடை பிள்ளை!"

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. அட, இது நல்ல வழியாயிருக்கிறதே என்று முன்வரிசை முழுக்க வரிசையில் வந்தது. ஒருவர் பின் ஒருவராக அண்ணாந்தார்கள். 'எங்கடை பிள்ளை, எங்கடை பிள்ளை.' மெயாராவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இந்த ஊர் வழக்கம் இதுவாக்கும் என்று சிரித்துக்கொண்டு நின்றாள்.

கௌரி செம்பிலிருந்து கிண்ணத்தை நிரப்பி நிரப்பிக் கொடுத்தாள். இன்னும் கொஞ்ச நேரம், அவ்வளவுதான், தாரூவா கைக்கு வந்துவிடும். நாசமாய்ப் போகட்டும், ஊற்றட்டும்.

கடைசியாகக் கிண்ணம் சுவர்ணாவிடம் வந்தது. ஹொஸ்டலில் கௌரியின் போத்தலை, கேளாமல் பறித்து வாய் வைத்துக் குடிக்கிறவள். ஒரே சோற்றுப் பார்சலைப் பிரித்து வைத்து, கௌரி கடித்த மிளகாயைப் பிடுங்கித் தின்றிருக்கிறாள். சுவர்ணா முன்வரிசையில் இருந்த தகப்பனைப் பார்த்தாள். கிண்ணத்தைப் பார்த்தாள். பிறகு மெல்ல முகத்தை நிமிர்த்தி அண்ணாந்தாள்.

அதைத்தான் கௌரியால் தாங்க முடியவில்லை. ஒலிவாங்கியை வெடுக்கென்று பறித்தாள்.

"ஒருத்தரும் வாய் வைக்கேல்லை!" என்று தமிழில் கத்திவிட்டு, மெயாராவைப் பார்த்து அதையே இங்கிலீசிலும் சொன்னாள். "நான் வாய் வைச்ச இடம் இவையளுக்குத் தீட்டு. காலமை உங்களோடை வந்தவர் சோடா குடிச்சதும் அதுக்குத்தான்!"

அருளம்பலத்தார் பதறிக்கொண்டு எழுந்தார். "விசர்க்கதை கதையாதை பிள்ளை! உது சுகாதாரம். கொரோனாவுக்குப் பிறகு ஆர் எச்சில் கிண்ணத்திலை குடிக்கினம்?"

"அப்ப கோயில் மடத்திலை உங்கடை ஆக்கள் ஒரே செம்பிலை வாய் வைச்சு மோர் குடிக்கேக்கை கொரோனா எங்கை போனது ஐயா?"

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மெயாராவின் முகத்தில் சிரிப்பில்லை. அவளே கிண்ணத்தை நிரப்பி, வாய் படவேண்டிய விளிம்பை விரலால் தொட்டுக் காட்டி, முன்வரிசையிடம் நீட்டினாள். ஒருவர் கைபேசியைப் பார்த்தார். ஒருவருக்கு இருமல் வந்தது. சுவர்ணா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு கையும் நீளவில்லை.

"கிளை இங்கே வராது," என்றாள் மெயாரா. பிறகு கௌரியிடம் திரும்பி, "உன்னுடைய சனங்கள் எங்கே?" என்று கேட்டாள்.

செவிட்டில் அறைந்தமாதிரி இருந்தது கௌரிக்கு. எங்கள் தெற்கு ஒழுங்கை முழுக்க வீடு வீடாகச் சனம் இருக்க, அப்பாவைத் தவிர ஒருவரையும் கூப்பிடாத இந்த மண்டபத்தில் வந்து என் சனம் என்று நின்றேனே, நான் என்ன மண்டையில்லாதவளா? கோபம் முழுக்க இப்போது தன் மேலேயே திரும்பியது.

"அப்பா, எழும்புங்கோ. எங்கடை ஒழுங்கைக்குப் போவம்."

சீவரத்தினம் பிளாஸ்ரிக் கதிரையைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார். மெயாரா கிண்ணத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னால் நடந்தாள்.

ஒழுங்கைக்குள் கதை அவர்களுக்கு முன்பே போய்விட்டது. மேசன் வேலையிலிருந்து வந்தவர்கள், உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தவர்கள், எல்லோரும் கிணற்றடிக்கு வந்தார்கள். புதுத் தண்ணீரில் கௌரி வாய் வைத்துக் குடித்ததும் பக்கத்து வீட்டு நாகேஸ்வரி கிண்ணத்தைப் பறித்தாள்.

"கொண்டா இஞ்சை! உன்னை இடுப்பிலை தூக்கித் திரிஞ்சனான், உன்ரை எச்சில் எனக்குப் புதுசோடி?"

அவள் வாய் வைத்துக் குடித்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. அவளுக்குப் பின் அவள் புருசன், அவனுக்குப் பின் அடுத்த வீடு. ஆளுக்காள் தள்ளுப்பட்டார்கள். சீவரத்தினத்தின் முறை வந்தபோது கிண்ணத்தை இரண்டு கையாலும் வாங்கினார். குடித்துவிட்டு வாயைத் துடைக்காமலே நின்றார்.

அப்போது ஒழுங்கை முகப்பில் ஒரு ஸ்கூட்டி வந்து நின்றது. சுவர்ணா. வந்துவிட்டாளே! எத்தனை கோபமிருந்தும் தோழி தோழிதானே. கௌரி கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எதிரே ஓடினாள்.

சுவர்ணா இறங்கவில்லை. ஸ்கூட்டியின் கால் வைக்கிற இடத்தில் சோடாப் பெட்டி இருந்தது.

"அப்பா குடுத்துவிட்டவர்," என்றாள், நிமிர்ந்து பாராமல். "அந்த வெளிநாட்டு மனிசி தண்ணி விடாயிலை இருப்பாவாம். இஞ்சத்தைத் தண்ணி அவவுக்கு ஒத்துக்கொள்ளாதாம்."

கௌரி கிண்ணத்தை நீட்டிய கையை மெல்ல இழுத்துக்கொண்டாள். அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை.

"திருப்பிக் கொண்டுபோ சுவர்ணா. இஞ்சை எல்லாரும் குடிச்சிட்டினம். அங்கைதான் ஒருத்தரும் குடிக்கேல்லை."