மேசை விசிறிக்குப் பின்னால் ஒரு சொல்

பசியாறியதும் என் கணவர் பரஞ்சோதி மேசை விசிறியைச் சுழலவிட்டு, அதன் பின்னால் ஒலிபெருக்கியை வைத்தார். என்னைச் சமையலறையில் நிற்கச் சொன்னார்.

“என்னா கேக்குது?”

“வெளிய வாங்கன்னு கேக்குது.”

“காதைக் கழுவிட்டு வாலா, நவமணி.”

“நீங்க உங்க மெசினைக் கழுவுங்க.”

சிரித்தார். மறுபடி போட்டார். மறுபடியும் ‘வாங்க’தான். அவர் சிரிப்பு நின்றது. பதிவில் இருந்தது ‘வெளிய வராதீங்க’.

அவசரகாலம்; காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளைப் பிரிட்டிஷ் பட்டாளம் தேடிக்கொண்டிருந்த நேரம். அவருக்கு விமானத்தளத்தில் வானொலிப் பட்டறையில் வேலை. ரப்பர் தோட்டத்தைப் பட்டாளம் சுற்றி வளைக்கும்போது, லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் மக்களை வெளியே வராதபடி எச்சரிக்க, விமானத்தில் ஒலிபெருக்கி பொருத்தப் போகிறார்கள். பொருத்துவதற்கு முன்பே அது மேலே போய் எப்படிப் பேசும் என்று பார்க்க, முழு அமைப்பையும் சிறியதாக எங்கள் மேசைமேல் கட்டியிருந்தார். விமானத்தில் மற்றக் கருவிகளுக்குப் போக எவ்வளவு மின்சாரம் மிஞ்சுமோ, அந்த அளவுக்குக் குறைத்துத்தான் இதற்கும் கொடுத்தார். விசிறி, உந்துவிசிறியின் இரைச்சலுக்காக. சொல்லின் நடுவை அந்த இரைச்சல் விழுங்கிவிட்டது.

‘உள்ளயே இருங்க’ என்று மாற்றிப் போட்டார். தெளிவாகக் கேட்டது. மேலதிகாரியிடம் சொன்னார். அவரும் ஒப்புக்கொண்டு, புதிதாகப் பதிவு செய்ய ஏற்பாடு செய்தார்.

விமானத்தின் முதல் ஓட்டத்தைத் தரையிலிருந்து கேட்பதற்காக மெர்போக் பக்கம் என் அக்கா செல்லாயி இருந்த தோட்டத்துக்குப் போனோம். மறுநாள் விடிந்தபோது ரப்பர் மரங்களுக்கிடையே பட்டாளம் நின்றது. வெளியே தலை தெரிந்தால் சுடுவார்கள். விமானம் வந்தது. அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

“வெளிய வா...ங்க.”

பழைய பதிவு.

அக்கா அடையாள அட்டையைத் தேடினாள். சோதனை என்றால் வெளியே கூப்பிட்டு வரிசையில் நிறுத்துவதுதான் வழக்கம்.

“வரச் சொல்றாங்க. எந்திரிங்க.”

“போகாதீங்க அண்ணி. வராதீங்கன்னு சொல்றான்.”

“எனக்கு வாங்கன்னுதானே கேக்குது தம்பி. போகலைன்னா உதைக்க மாட்டானா?”

பக்கத்து வீட்டில் தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. அடுத்த வீட்டிலும்.

அவர் என்னைப் பார்த்தார். “நீ அக்காவைப் பிடிச்சுக்க” என்றார். கதவை வெளியிலிருந்து இழுத்துச் சாத்தினார். லயத்தின் நீளத்துக்கும் அவர் ஓடுவது கேட்டது. “உள்ளயே இருங்க. உள்ளயே இருங்க.” கதவுகள் ஒவ்வொன்றாக அடைபட்டன. கடைசி வீட்டுக் கதவும் அடைபட்ட பிறகுதான் வெடிச் சத்தம் கேட்டது. வெளியே இருந்தவர் அவர் ஒருவர்தான்.

புதிய பதிவு அதற்குப் பிறகு வந்தது.

இப்போது அக்கா என்னோடு பாக்கார் ஆராங் வீட்டில் இருக்கிறாள். அந்த விசிறியும் இருக்கிறது, ஓடுகிறது. எப்போதாவது அதன் பின்னால் உட்கார்ந்து ‘வராதீங்க’ என்று சொல்லிப் பார்ப்பேன். சமையலறையில் அக்காவுக்கு ‘வாங்க’ என்றுதான் கேட்கிறது.