நாலு பேருக்கான கணப்பு

என் வீட்டுக்காரரோடு கடைக்குப் போவதைவிட, எரிவாயு உருளையைத் தோளில் தூக்கிக்கொண்டு எங்கள் ஊர் அஷ்ரஃபிய்யா மேட்டில் ஏறிவிடலாம். ஒரு துடைப்பம் வாங்குவதென்றாலும் அதன் பூர்வீகம் முழுக்க விசாரிப்பார். அந்த மனிதரைத்தான் ஜனவரி மாதக் குளிரில் ஹீட்டர் வாங்க இழுத்துக்கொண்டு கிளம்பினேன்.

இழுத்துக்கொண்டு என்று சும்மா சொல்லவில்லை. டிசம்பர் தொடக்கத்தில் நெஞ்சில் சளி கட்டிப் பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் அம்மா அவர் முகத்துக்கு நேராகவே சொன்னாள்: வீட்டுக்குள் மண்ணெண்ணெய் எரியக் கூடாது, எரிவாயு எரியக் கூடாது, தீ என்று எதுவுமே கூடாது, மின்சாரத்தில் அகச்சிவப்பு ஹீட்டர் என்று கிடைக்கிறது, அதை வாங்குங்கள். சமர்த்துப் பிள்ளை மாதிரி தலையாட்டினார். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக மண்ணெண்ணெய்க் கணப்பைப் பற்றவைத்தார்.

அந்தக் கணப்பின் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இருபத்தாறு வருஷமாக எங்கள் கூடத்தின் நடுவில் நிற்கிற சாமான். அதன் தலையில் எப்போதும் கெட்டில் இருக்கும், உள்ளே மரமிய்யா இலை போட்ட தேநீர் கொதிக்கும். பக்கத்தில் நாலு கஸ்தனா கொட்டை வெடித்துக்கொண்டிருக்கும், ரொட்டி காய்ந்துகொண்டிருக்கும். பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகை முடிந்தால் போதும், மூன்று பேர் வந்துவிடுவார்கள். பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற ஹிக்மத், தெருமுனையில் முடி வெட்டும் நிம்ர், திரைச்சீலை தைக்கும் ஜிர்யிஸ். என் வீட்டுக்காரரோடு நாலு. சீட்டைப் பிரித்துத் தர்னீப் ஆட உட்கார்ந்தால், ராத்திரி இஷா பாங்கு கேட்கும்வரை வீடு சந்தைதான்.

ஆஸ்பத்திரிக்குத் தினமும் வந்து பார்த்த அந்த மூன்று பேரும், அவர் வீடு திரும்பிய முதல் நாள் வந்தார்கள். அதற்குப் பிறகு வரவில்லை. போன் செய்தால் ஒருவருக்கு முழங்கால் வலி, ஒருவருக்கு மருமகன் வீட்டு விருந்து, ஒருவருக்குத் தலைக்கு மேல் வேலை. நாற்பது நாள். சாயங்காலம் ஆனால் இவர் சீட்டுக்கட்டை எடுத்துக் குலுக்குவார், தனியாகவே நாலு கை போடுவார், பிறகு கலைத்துவிடுவார். நோயைவிட இதுதான் ஆளை உருக்கிவிடும் என்று பயந்தேன்.

அவருக்கோ வேறு கணக்கு. "நான் ஆஸ்பத்திரியில கெடந்தப்ப கணப்பு அணைஞ்சு கெடந்துச்சு. வீடு ஜில்லுன்னு ஆயிடுச்சுன்னு அவனுங்களுக்கு மனசுல பதிஞ்சுபோச்சு, உம்மு சுஹைப்" என்பார். மகன் சுஹைப் பெயரால் நான் உம்மு சுஹைப், அவர் அபூ சுஹைப். மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டால் போதும், ஓடிப்போய்த் தீக்குச்சியைக் கிழிப்பார். வருகிறவன் குளிர்ந்த வீட்டுக்குள் நுழையக் கூடாதாம். தீ பிடிக்கும், புகை கிளம்பும், இவர் கண் பிதுங்க இருமுவார். காலடி பாதியில் நின்று எங்கேயோ போய்விடும். நான் ஓடிவந்து அணைத்துவிட்டுக் கத்துவேன்.

கடைசியில் ஒரு நாள் நானே அந்தக் கணப்பைத் தூக்கி மாடிப்படித் திருப்பத்தில் வைத்துவிட்டு, "கோட்டைப் போடுங்க, கடைக்குப் போறோம்" என்றேன்.

நகரத்துக்குள் நாங்கள் போன கடையில் சுவர் முழுக்க ஹீட்டர்கள்தான். கடைக்காரர் நல்ல மனிதர், பாவம், யார் வந்திருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாது. குழாய் வைத்தது, தகடு வைத்தது, சுவரில் படம் மாதிரி மாட்டுவது என்று ஒவ்வொன்றாகக் காட்டினார்.

இவர் ஒன்றின் உச்சியில் உள்ளங்கையை வைத்துத் தடவினார். "இதுல கெட்டில் எங்க வைக்கிறது?"

"கெட்டிலா? மேல எதுவும் வைக்கக் கூடாதுங்க. துணிகூடப் போடக் கூடாது."

"அப்ப இது எதுக்கு?"

"குளிர் காயறதுக்கு."

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பைத்தியக்காரன் கடைக்குக் கூட்டிவந்துவிட்டாய் என்ற பார்வை. நான் கண்டுகொள்ளவில்லை.

கடைக்காரர் பொறுமையாக விளக்கினார். "இது காத்தைச் சூடாக்காது. எதிர்ல இருக்கற ஆளைத்தான் சூடாக்கும். குளிர்காலத்துல மொட்டை மாடியில வெயில்ல உக்காருவோமே, அது மாதிரி. புகை இல்ல, வாடை இல்ல, கவிழ்ந்தா தானா அணைஞ்சுடும்."

"எதிர்ல இருக்கற ஆளைத்தானா? அப்ப பின்னால இருக்கறவன்?"

"பின்னால இருக்கறவர் கொஞ்சம் முன்னால வந்து உக்காரணும்."

இதைக் கேட்டதும் இவர் செய்த காரியத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். கடையில் இருந்த நாலு முக்காலியை இழுத்து, ஹீட்டரைச் சுற்றி வட்டமாகப் போட்டார். ஒன்றில் தான் உட்கார்ந்தார். பல்பு வாங்க வந்த ஒரு தடித்த மனிதரைக் கூப்பிட்டு எதிரில் உட்கார வைத்தார். ஒரு பக்கம் கடைக்காரர், மறுபக்கம் நான். அடுத்த கால் மணி நேரம் விசாரணை.

"உங்களுக்குச் சுடுதா?"

"முழங்கால் சுடுது" என்றார் பல்பு வாங்க வந்தவர்.

"உனக்கு?"

"எனக்கு உங்க மேலதான் சூடு ஏறுது" என்றேன்.

ஒவ்வொரு ஹீட்டராக மாற்றினார். இது இரண்டு பேருக்குத்தான். இது ஒன்றரை பேருக்கு. இது ஜிர்யிஸுக்குப் பற்றாது, அவன் எலும்பும் தோலுமாக இருக்கிறான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. வராத மூன்று பேருக்கு இடம் பார்த்துக்கொண்டிருக்கிறார் இந்த மனிதர். அதுவரை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தவள் வாயை மூடிக்கொண்டேன்.

கடைசியில் கடைக்காரர் உள்ளேயிருந்து உயரமான ஒன்றைக் கொண்டுவந்தார். பொத்தானை அழுத்தினால் காலில் நின்றபடியே தலையை மெதுவாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பும். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தியும் வைக்கலாம். அதன் சிவந்த முகம் பல்புக்காரரைப் பார்த்தது, கடைக்காரரைப் பார்த்தது, திரும்பி எங்களைப் பார்த்தது.

"பரவாயில்ல. எல்லாரையும் விசாரிக்குது" என்றார் இவர். வாங்கிவிட்டோம்.

முதல் நாள் சாயங்காலம் புது ஹீட்டரைக் கூடத்தில் நிறுத்தி, நாலு நாற்காலியைப் போட்டோம். கெட்டிலைச் சமையலறையிலேயே கொதிக்கவைத்துத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தேன். படியில் காலடி கேட்டது. இவர் எழுந்து நின்றார். காலடி நின்றது, திரும்பிப் போய்விட்டது. மறுநாளும் அதே கதை. மூன்றாம் நாள் இவர் சீட்டுக்கட்டைத் தூக்கி அலமாரியில் போட்டுப் பூட்டினார்.

"பாத்தியா. கெட்டில் வைக்க இடமில்லாத கணப்புக்கு எவன் வருவான்?"

என்னால் பொறுக்க முடியவில்லை. மறுநாள் காலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நேராக நிம்ர் கடை வாசலுக்குப் போனேன். ஆண்கள் முடி வெட்டும் கடை, உள்ளே போக முடியாது. வாசலில் நின்றே ஆரம்பித்தேன்.

"நல்லா இருக்கியா நிம்ர்? இருபது வருஷம் என் வீட்டுத் தேநீரைக் குடிச்சீங்க. மனுஷன் படுத்து எழுந்தா எட்டிப் பாக்க மாட்டீங்களா? உங்களுக்கெல்லாம் நெஞ்சு இருக்கா, இல்ல அதையும் சிரைச்சுட்டீங்களா?"

நாற்காலியில் பாதித் தாடியோடு இருந்தவர் அசையாமல் கிடந்தார். நிம்ர் கத்தியை வைத்துவிட்டு வாசலுக்கு வந்தான்.

"தெனமும் வர்றோம், உம்மு சுஹைப்."

"எங்க வர்றீங்க? கனவுலயா?"

"படி வரைக்கும். ஆஸ்பத்திரியில இருந்து வந்த அன்னைக்கு எங்களுக்காகக் கணப்பைக் கொளுத்திட்டு அவர் இருமுன இருமல் இருக்கே, ஹிக்மத் தன் வீட்டுக்குப் போய் அழுதான். வேண்டாம்னு சொன்னா கேப்பாரா? விருந்தாளியைக் குளிர்ல உக்கார வெக்கற ஆளா அவரு? நாங்க போனா கொளுத்துவாரு. அதனால போறதில்லன்னு முடிவு பண்ணோம். ஆனாலும் மனசு கேக்கல. தெனமும் படியேறி மோந்து பாக்கறோம். மண்ணெண்ணெய் வாடை அடிச்சா திரும்பிடறோம்."

"புது ஹீட்டர் வாங்கி மூணு நாள் ஆச்சே."

"நேத்தும் வாடை அடிச்சுதே. திருப்பத்துலயே குப்புன்னு அடிச்சுது."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. வயிறு நிறைய மண்ணெண்ணெயோடு அந்தப் பழைய கணப்பைப் படித் திருப்பத்தில் வைத்தது யார்? நான்தானே. அவரைத் திட்டுவதற்கே நேரம் போதாதவள், என் காரியத்தை எங்கே பார்ப்பேன்?

வீட்டுக்கு ஓடினேன். பழைய சாமான் வாங்குகிறவனின் வண்டி ஒலிபெருக்கியில் கத்திக்கொண்டு தெருவில் போனது. கையைத் தட்டி நிறுத்தி, கணப்பை அப்படியே ஏற்றிவிட்டேன். படிகளைச் சோப்புப் போட்டு மூன்று முறை கழுவினேன். இவர் எட்டிப் பார்த்து, "யாரு வர்றாங்கன்னு இப்படிக் கழுவுற?" என்றார். அழுக்கு என்றேன்.

மஃரிப் முடிந்தது. காலடி ஏறியது. திருப்பத்தில் ஒரு நிமிஷம் நின்றது. பிறகு கதவு தட்டப்பட்டது.

மூன்று பேரும் உள்ளே வந்தார்கள். இவர் முகத்தை உர்ரென்று வைத்துக்கொள்ளத்தான் பார்த்தார், முடியவில்லை. "முழங்கால் சரியாயிடுச்சா?" என்று மட்டும் கேட்டார்.

"என் முழங்காலுக்கு என்ன?" என்றார் ஹிக்மத். நிம்ர் அவர் விலாவில் இடித்தான். "ஆமா ஆமா, சரியாயிடுச்சு."

ஜிர்யிஸுக்குப் பொய் வராது. நாற்காலியில் உட்கார்ந்ததும் சொல்லிவிட்டார். "அபூ சுஹைப், நாங்க வந்தா நீ அதைக் கொளுத்துவே, கொளுத்தினா இருமுவே. அதான் வரல. உன்னைப் பாக்கறதை விட நீ இருக்கறது முக்கியம்னு நெனச்சோம்."

இவர் அலமாரிச் சாவியைத் தேடுகிற சாக்கில் சுவரைப் பார்த்து ரொம்ப நேரம் நின்றார். பிறகு சீட்டுக்கட்டோடு வந்து, ஹீட்டரின் பொத்தானை அழுத்தி, அதன் தலையை மூன்று விருந்தாளிகளைப் பார்த்து நிறுத்திவிட்டு, எப்போதும்போல வாசல் பக்கத்துக் குளிர் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். விருந்தாளிக்கு நல்ல இடம், வீட்டுக்காரனுக்கு வாசல் பக்கம், அதுதானே வழக்கம்.

ஹிக்மத் எழுந்து ஹீட்டரை இவர் பக்கம் திருப்பினார். இவர் எழுந்து அவர்கள் பக்கம் திருப்பினார். நிம்ர் திரும்ப இவர் பக்கம் வைத்தான். நான் தேநீர்த் தட்டோடு நின்று வேடிக்கை பார்த்தேன்.

"இன்னொரு தடவ அதைத் தொட்டே, நாங்க எந்திரிச்சுப் போயிடுவோம்" என்றார் ஹிக்மத். விளையாட்டாகச் சொல்லவில்லை.

இவருடைய கை பாதியில் நின்றது. மெதுவாக உட்கார்ந்தார். மூன்று பேரும் கோட்டைக் கழற்றாமல், நாற்காலியை அவர் பக்கம் நெருக்கிப் போட்டுக்கொண்டு, அவர் மேல் பட்டது போக மிச்சமிருந்த சூட்டில் குளிர் காய்ந்தார்கள். அவர் நெஞ்சிலும் முகத்திலும் சிவப்பு வெளிச்சம் விழுந்தது. சீட்டைக் கலைத்துப் போட்டார். முப்பத்தொரு வருஷத்தில் என் வீட்டுக்காரர் தன் சொந்த வீட்டில் நல்ல இடத்தில் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.