ஹெரான்ஸ் அணியின் கோல்கீப்பர்

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வந்த கையோடு வாண்டா தன் மதுக்கடையின் பக்கவாட்டுக் கதவைத் திறந்து கர்ட்டை உள்ளே விட்டாள். கடை திறக்க இன்னும் நேரமிருந்தது. போலந்துக்காரர்கள் நிறைந்த லக்ராஞ்ச் தெருவில் டிவியில் கால்பந்து போடச் சொல்லி அவளிடம் யாரும் கேட்டதில்லை. ஜூன் மாதம் என்றால் பேஸ்பால்தான். ஆனால் கேட்டது கர்ட் பிராண்டவி. எட்டு வருஷமாக டோலிடோ ஊர் அணியான ஹெரான்ஸின் கோல் வாயில் நின்றவன். கல்லாவுக்கு மேலே, போப்பாண்டவர் படத்துக்கு ஒரு சாண் தள்ளி, அவன் பாய்ந்து பந்தைப் பிடிக்கும் படத்தைத்தான் அவள் மாட்டி வைத்திருந்தாள்.

இத்தாலியில் அப்போது மாலை வெயில். அமெரிக்க அணி நாற்பது வருஷங்களுக்குப் பிறகு உலகக் கோப்பையில் ஆட வந்திருந்தது. தேசிய கீதம் முடிந்ததும் மாற்று ஆட்டக்காரர்கள் உட்கார்ந்திருந்த பெஞ்சைக் காட்டினார்கள். கடைசி ஆளாக, அளவுக்குப் பெரிய சட்டையில், சூயிங்கம் மென்றபடி லைல் ஸ்டாஃபர் தெரிந்தான். கண் சிமிட்டுவதற்குள் மறைந்தும் போனான்.

"நம்ம லைல்தானே அது? ஹெரான்ஸ்ல உனக்கு மாத்தா பெஞ்சுல உக்காந்திருப்பானே?"

"அவன்தான்."

"நீ ஏன் தம்பி போகல?"

எல்லோருக்கும் சொன்னதையே கர்ட் அவளுக்கும் சொன்னான். மனைவி ஜோயன் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தாள், ஹெரான்ஸுக்குக் கோப்பை வரும்போல இருந்தது, நட்டாற்றில் விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. வாண்டா தலையை ஆட்டிக்கொண்டு கண்ணாடிக் குவளைகளைத் துடைக்கப் போய்விட்டாள். அமெரிக்கா ஐந்துக்கு ஒன்று என்று தோற்றது. கர்ட் கடைசி விசில் வரை உட்கார்ந்திருந்தான். அந்த ஐந்தில் இரண்டைத் தான் தடுத்திருக்கலாம் என்று அவனுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதே அவனுக்குக் கசந்தது.

ஹெரான்ஸ் என்றால் என்ன என்று அந்த ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஜன்னல் கண்ணாடி வியாபாரத்தில் மேலே வந்த எட் மிஹாலிக், ஐஸ் ஹாக்கி நடக்கும் அரங்கத்தில் பனிக்கு மேல் பலகை அடுக்கி, பலகைக்கு மேல் பச்சை விரிப்பைப் போட்டு, கூரைக்குக் கீழே ஒரு கால்பந்து அணியை உருவாக்கினார். பக்கத்துக்கு ஆறு பேர். சுற்றிலும் மரச்சுவர். பந்து வெளியே போகிற பேச்சே இல்லை. சுவரில் மோதி மறுபடி காலுக்கே வரும். முதல் ஆட்டத்தில் வீரர்கள் புகைக்குள்ளிருந்து ஓடிவர வேண்டும் என்று புகை இயந்திரம் வைக்கப்போய், தீயணைப்பு வண்டி வந்து நின்றது. வந்திருந்த கொஞ்சம் பேரும் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள். ஆனால் அடுத்த ஆட்டத்துக்கு ஆளுக்கு இரண்டு பேரைக் கூட்டிவந்தார்கள். ஜீப் ஆலைத் தொழிலாளிகள் ஷிப்ட் முடிந்து சாப்பாட்டு டப்பாவோடு நேராக அரங்கத்துக்கு வர ஆரம்பித்தார்கள். நாலாம் வருஷம் அரங்கம் கொள்ளவில்லை. கடல் கடந்து ஸ்ப்ளிட் நகரத்திலிருந்து ஆட வந்த ஸ்லாவ்கோவுக்கு ஆங்கிலம் வருவதற்கு முன்பே போலந்துக் கிழவிகள் வீடு தேடி வந்து பியரோகிக் கொழுக்கட்டை கொடுத்துவிட்டுப் போனார்கள். ஒரு வருஷம் இறுதித் தொடரின் கடைசி ஆட்டத்தில் ஒரு கோலில் தோற்ற அன்றைக்குக்கூட கூட்டம் கலையாமல் நின்று கர்ட்டின் பெயரைச் சொல்லிக் கத்தியது. மளிகைக்கடைப் பையில் அவன் முகத்தை அச்சடித்தார்கள். விரிப்பில் உரசி உரசி அவன் இடுப்பிலும் முழங்கையிலும் தோல் வளரவே இல்லை. செவிலியான ஜோயன் தினமும் மருந்து போட்டுவிடுவாள்.

அப்படிப்பட்ட நாளில்தான், முந்தின இலையுதிர்காலத்தில், தேசிய அணியிலிருந்து போன் வந்தது. இத்தாலிக்குக் கோல்கீப்பர் தேவை. இந்த நாட்டில் உன்னைவிட வேகமான கைகள் யாருக்கு இருக்கின்றன என்றார்கள். ஜனவரியிலேயே ஹெரான்ஸை விட்டு வந்துவிட வேண்டும். கர்ட் ஒரு நாள் அவகாசம் கேட்டான்.

ஜோயன் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "போயிட்டு வா. பிள்ளைய நான்தானே பெறப்போறேன்? அதுக்கு நீ கைய நீட்டிக்கிட்டு நிக்க வேண்டாம்."

மிஹாலிக்கும் தடுக்கவில்லை. போனால் குறுக்கே நிற்கமாட்டேன் என்றார். ஆனால் கூட்டம் குறைந்துகொண்டே வருகிறது, லீகில் ஊருக்கு ஊர் அணிகளை மூடுகிறார்கள், இந்த வருஷம் கோப்பை வராவிட்டால் தன் நிலைமையும் என்ன ஆகுமோ என்றும் சேர்த்துச் சொன்னார். கர்ட்டுக்கு அந்த வார்த்தை போதுமானதாக இருந்தது. போதுமானதாக வைத்துக்கொண்டான் என்பதுதான் சரி.

ஏனென்றால் அன்று மத்தியானம் அவன் யாரிடமும் சொல்லாமல் ஊருக்கு வெளியே ஒரு உயர்நிலைப் பள்ளி மைதானத்துக்குப் போயிருந்தான். சோயா வயல்களுக்கு நடுவே இருந்த மைதானம், ஆளில்லை. கோல் கம்பங்களுக்கு நடுவே போய் நின்றான். கல்லூரியில் இதே அளவு கோலில்தான் ஆடியிருக்கிறான், ஆனால் அது பழங்கதை. அரங்கத்துக் கோலில் இரண்டு கையையும் விரித்தால் பாதி அடைந்துவிடும். இங்கே கையை விரித்தால் இரண்டு பக்கமும் வெறும் காற்று. மேல் கம்பத்தைத் தொட எம்ப வேண்டியிருந்தது. ஏரிப் பக்கமிருந்து வீசிய காற்றில் வலை புடைத்துப் புடைத்து அடங்கியது. தலைக்கு மேல் கூரை இல்லை, விளக்கு இல்லை, சாம்பல் நிற வானம் மட்டும். எங்கிருந்து வேண்டுமானாலும் பந்து வரலாம். முப்பத்தோரு வயதில், ஊரே கொண்டாடும் ஒரு ஆள், காலி மைதானத்தில் யாரும் எதையும் உதைக்காமலேயே பயந்து நின்றான். சாயங்காலம் போன் செய்து வரமுடியாது என்றான். எங்கள் லைலைக் கூப்பிட்டுப் பாருங்கள், நல்ல பையன் என்றான்.

அந்த வருஷம் கோப்பை வரவில்லை. அரையிறுதியோடு சரி. உலகக் கோப்பையில் அமெரிக்கா மூன்று ஆட்டத்திலும் தோற்றுத் திரும்பி வந்துகொண்டிருந்த வாரம், கோடைப் பயிற்சிக்கு என்று அரங்கத்துக்குப் போன ஹெரான்ஸ் வீரர்கள் கதவருகிலேயே நின்றுவிட்டார்கள். உள்ளே நாலைந்து பேர் பச்சை விரிப்பைக் கத்தியால் கீறி, சுருட்டி, லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அதை ஏதோ ஒரு கிடங்குக்காரர் வாங்கிவிட்டாராம். கோடைக்குப் பனியை எடுத்துவிட்ட வெறும் சிமெண்ட் தரையில் மிஹாலிக் நின்று, அணி முடிந்தது, லீகுக்கும் எழுதிக் கொடுத்துவிட்டேன் என்றார். சொல்லிவிட்டுச் சுருட்டின விரிப்பு ஒன்றின் முனையை அவரே பிடித்துத் தூக்கினார். திட்டலாம் என்று வாயெடுத்தவர்கள்கூட அடங்கிப்போனார்கள். ஸ்லாவ்கோ மட்டும் கர்ட்டின் பக்கம் திரும்பி, "இப்ப நான் எந்த ஊர்க்காரன்?" என்று கேட்டான். கேலியாகத்தான் கேட்டான். ஆனால் கர்ட்டைத் தவிர வேறு யாரையும் அவன் பார்க்கவில்லை. மறுநாள் பத்திரிகையில், டயர் விளம்பரத்துக்குப் பக்கத்தில், கைக்குட்டை அளவுக்குச் செய்தி வந்தது.

லைல் ஆகஸ்டில் கர்ட்டின் வீட்டுக்கு வந்தான். குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டான், ஜோயன் வறுத்த மீனைச் சாப்பிட்டான், இத்தாலியைப் பற்றி எதுவும் பேசவில்லை. சாப்பிட்டதும் காரில் ஒரு பந்து கிடக்கிறது, வாயேன் என்றான். எங்கே போகலாம் என்று அவன் கேட்டபோது கர்ட்டின் வாயில் அந்தப் பள்ளி மைதானம்தான் வந்தது.

கோலின் பின்னால் புல்லில் உட்கார்ந்தார்கள். சோயா இடுப்பளவு வளர்ந்திருந்தது. லைல் பேச ஆரம்பித்தான். ஒரு நிமிஷம்கூட என்னை ஆட்டத்தில் இறக்கவில்லை, ஆனாலும் ஊரில் பார்க்கிறவனெல்லாம் கை குலுக்குகிறான், பெட்ரோல் பங்கில் காபிக்குக் காசு வாங்கமாட்டேன் என்கிறார்கள், எட்டு வருஷம் தோலுரிய ஆடின உன்னை விட்டுவிட்டு பெஞ்சைத் தேய்த்த எனக்கு மரியாதை, கேட்கவே கூசுகிறது என்றான்.

"நான் இங்கயே நின்னது ஜோயனுக்காக இல்லடா," என்றான் கர்ட்.

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"உனக்கு வெளிய ஆடப் பயம். கோடைல பார்க்குல சும்மா ஆடும்போதுகூட ஒரு தடவை நீ கோல்ல நின்னதில்ல. என்னை நிக்க வச்சிட்டு ஃபார்வர்டா ஆடுவ. நான் என்ன குருடனா?"

கர்ட் புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். லைல் அவனைப் பார்க்காமல் வயலைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"முதல் ஆட்டத்துக்கு முன்னாடி டிரஸ்ஸிங் ரூம்ல ஒருத்தன் வாந்தி எடுத்தான். இன்னொருத்தனுக்கு ஷூ லேஸ் கட்ட வரல. பாதிப் பேர் காலேஜ் பசங்க. எல்லாரும் பயந்துக்கிட்டேதான் வெளிய போனாங்க. பயமா இருக்குன்னு நீ என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

சொல்லியிருந்தால் போயிருப்பானா என்பது கர்ட்டுக்குத் தெரியவில்லை. இனிமேல் தெரியப்போவதும் இல்லை. பிறகு லைல் எழுந்து பந்தை எடுத்துக்கொண்டு நடு மைதானத்தை நோக்கி நடந்தான். கர்ட் கையுறை இல்லாமலே கோல் கம்பங்களுக்கு நடுவே போய் நின்றான். லைல் அடித்த முதல் இரண்டையும் வாங்கிப் பிடித்துத் திருப்பி எறிந்தான். மூன்றாவதை லைல் ஓங்கி உதைத்தான். பந்து எழும்பி வெயிலுக்குள் போனது. கர்ட் அண்ணாந்து கண்ணைச் சுருக்கிப் பார்த்தபடி பின்னால் பின்னால் நகர்ந்தான். அது மேல் கம்பத்துக்கு வெகு உயரத்தில் கடந்து, அவர்கள் உட்கார்ந்திருந்த இடத்தைத் தாண்டி விழுந்து, ஒரு தரம் எகிறி, சோயாவுக்குள் புகுந்தது. செடிகள் வரிசையாக அசைந்து கொடுத்தன. அசைவு வயலுக்குள் வெகுதூரம் போய்க்கொண்டிருந்தது. கர்ட் அந்தப் பக்கமாகத் திரும்பி, கால்களை அகட்டி, கைகளை இறக்கி, அரங்கத்து மரச்சுவரில் மோதித் திரும்பும் பந்துக்கு நிற்பதுபோல நின்றான்.